லவ்டேலில் ஏறிய சூடு

குன்னூர்,
டிசம்பர் 9.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களின் கால்களுக்கெல்லாம் காவல் தூதராக விளங்குபவளும், என் உடன்பிறந்த அக்காளின் ஒரே மகளும், இன்னும் முப்பதே நாளில் மணமேடை ஏறப் போகிறவளுமான செல்வி லோயிஸுக்கு, தாய்மாமன் மோசஸ், ஓய்வுபெற்ற டீமேக்கர், மலைமேலிருந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஜெஸிந்தாவும் நாய் கர்னலும் ஆண்டவர் கிருபையால் சுகம். மூவரில் கர்னலின் சுகம் சற்றுத் தூக்கல். அங்கே நீயும் உன் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டாரும் அவர்களுடைய தையல்காரரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போனில் சொல்லாமல் எதற்கு மாமா கடிதம் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். போனில் என்றால் நான் சொல்லும்போதே நடுவில் புகுந்து திட்டுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. தவிர, இது சாதாரணச் சேதி இல்லை. வலது கையை உயர்த்தி, இடது கையை ஜெஸிந்தாவின் தலைமேல் வைத்து (அவள் தட்டிவிட்டாள்) சத்தியம் செய்கிறேன்: இனி நீ படிக்கப் போவது ஒருவரும் நம்ப மாட்டாத கதை. இதை நம்பும் ஒரே ஓர் ஆத்மா மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில் கிடைத்தால், நாற்பது வருஷம் தேயிலைத் தூள் படிந்து வளர்ந்த என் மீசையை மழித்து அந்த ஆத்மாவுக்கே தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் போன மாதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் எங்கள் வளைவில் ஏறும்போது ஏழு காட்டெருமைகள் குறுக்கே நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்திருக்கின்றன. சர்க்கரைக்காரர் காலுக்கு வெப்பம் பார்க்கும் கருவி என்று அவர் சொன்ன பிறகுதான் தலைகுனிந்து வழிவிட்டனவாம். பிரித்துப் பார்த்தால் பேனா மாதிரி ஒரு வெள்ளைக் குச்சி. தோலில் தொட்டால் சின்னக் கண்ணாடி ஜன்னலில் எண் வருகிறது. கூடவே ஒரு கைக்கண்ணாடி, ஒரு நோட்டு, உன் கையெழுத்தில் இரண்டு பக்கக் கட்டளை. தினம் காலையில் எழுந்ததும், நடமாடுவதற்கு முன், ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடத்தில் தொட்டுப் பார். வலது காலின் இடத்தையும் இடது காலின் அதே இடத்தையும் ஒப்பிட்டுப் பார். இரண்டுக்கும் வித்தியாசம் 2.2 டிகிரிக்கு மேல் இருந்து, அது அடுத்த நாளும் தொடர்ந்தால், நடப்பதை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. வலி தெரியாத காலில் சூடுதான் முதலில் பேசும், புண் அப்புறம்தான் வரும் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். முதல் பக்கத்தை நான் வேத வாக்கியம் போல மனப்பாடம் செய்தேன். இரண்டாம் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் போய்விட்டது.

எதற்காக இத்தனை ஏற்பாடு என்று எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரை உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியவர் உன் அப்பா. சில்வஸ்டர் மச்சானின் ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்தது. நாள் முழுக்க அதன்மேல் நடந்தும் அவர் கால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் விரல், பிறகு கால், அப்புறம் அவர். இந்தக் கதையில் மட்டும் பொய் கலக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தாண்டிப் போகிறேன். அவர் நடக்க வேண்டிய தூரத்தை நான் நடக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீயும் ‘கால் நோட்டு ஒழுங்கா இருந்தா நடந்து வாங்க மாமா, இல்லேன்னா வீல் சேர்தான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். மோசஸாவது வீல் சேராவது.

வேலையைத் தொடங்கினேன். ஆறும் ஆறும் பன்னிரண்டு இடத்தை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? மலை ரயில் பாதையை அப்படியே பாதத்தில் போட்டுவிட்டேன். இடது கால் பெருவிரல் மேட்டுப்பாளையம். அதற்குக் கீழே விரல்களின் அடிமேட்டில் வரிசையாகக் கல்லாறு, அடர்லி, சுண்டுவிரலுக்கு நேர் கீழே ஹில்குரோவ். உள்ளங்கால் ரன்னிமேடு, குதிகால் குன்னூர். அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வலது காலில் ஏறினால் பெருவிரல் வெலிங்டன், பிறகு அரவங்காடு, கேத்தி, சுண்டுவிரலுக்குக் கீழே லவ்டேல், உள்ளங்கால் பெர்ன்ஹில், குதிகால் ஊட்டி. ஜெஸிந்தா சமையலறையிலிருந்தபடியே வண்டி எங்கே வந்திருக்கிறது என்று கேட்பாள். நான் கேத்தி தாண்டிவிட்டது என்பேன். காப்பியை அடுப்பில் ஏற்ற அதுதான் அவளுக்குச் சிக்னல்.

ஆனால் லோயிஸ், ஒரு மேதையின் கையில் கருவி கிடைத்தால் அது பன்னிரண்டு இடத்தோடு நிற்குமா? நாயைப் பார்த்தேன், கர்னலின் மூக்கு ஊட்டியைவிடக் குளிர்ச்சி. பிறகு தோட்டத்துக்குள் வந்த காட்டெருமையைப் பார்த்தேன். அது நான் கேட்காமலேயே ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிக் கொடுத்தது. நாலு காலுக்கு இருபத்துநாலு இடம் என்பதால், ரயில் பாதையை ஊட்டிக்கு அப்பால் மைசூர் வரை நீட்ட வேண்டியதாயிற்று. செய்தி எஸ்டேட் முழுக்கப் பரவியது. மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வெலிங்டன் வரை மூவாயிரம் பேர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து சூரியனை மறைத்துவிட்டன. அந்த வாரம் குன்னூர் தேயிலை ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு பொட்டலம். அதுவும் நான் காலையில் குடித்தது போக மீதி.

இவ்வளவுக்கும் நடுவில் உன் கல்யாண வேலையை நான் விட்டேனா? பஜாருக்குப் போய்க் கூர்மூக்கு வைத்த கறுப்புத் தோல் ஷூ ஒன்று வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் நான்தான் மாப்பிள்ளை என்று நினைத்துப் பாதிரியார் என்னிடம் சம்மதம் கேட்டுவிடுவார். அப்படியொரு பளபளப்பு. அதைவிட ஆச்சரியம், புது ஷூ எங்கேயும் ஒரு கடி கடிக்கவில்லை. ‘ஏனுங்க, நெசமாலுமே கடிக்கலீங்களா?’ என்று உன் அத்தை சந்தேகமாகக் கேட்டாள். கடிக்கிற ஷூவெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு என்று விளக்கினேன்.

ஷூ இருந்தால் போதுமா, நடை வேண்டாமா? கோயிலுக்குப் போய் வாசலிலிருந்து பீடம் வரை அளந்துவிட்டு வந்து, அதே தூரத்துக்கு எஸ்டேட் ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். மணப்பெண்ணுக்கு எங்கே போவது? ஜெஸிந்தா கண்டிப்பாக மறுத்துவிட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை என்னோடு அந்தப் பாதையில் நடந்த அனுபவம் போதும் என்றாள். பக்கத்து வீட்டு மாரிச்சாமியைத்தான் பிடித்தேன். உனக்குத் தெரியுமே, சிலோனிலிருந்து சின்ன வயசில் வந்து, இருபத்தைந்து வருஷம் என்னோடு பேக்டரியில் உலை பார்த்தவர். தலைக்கு ஒரு வெள்ளைத் துண்டு, கையில் பூச்செண்டுக்குப் பதில் ஒரு காலிபிளவர். தினம் காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை போனோம், வந்தோம். நாலாம் நாள் மாரிச்சாமி நடுப் பாதையில் நின்றுவிட்டார்.

“ஐயா, பொண்ணுக்கு முட்டி வலிக்குதுங்க. கொஞ்சம் மெல்லமாப் போங்க.”

“அதுக்குத்தான்யா காலாகாலத்துல கட்டிக் குடுக்கணுங்கறது.”

“மாப்பிள்ளைப் பையன் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, இந்தப் பூவைச் சமைக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்குவேன்.”

இதைக் கேட்டுக் கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் வரிசை கட்டி நின்று கல்யாணப் பாட்டு எடுத்துவிட்டார்கள். பாட்டு லவ்டேல் பள்ளிக்கூடம் வரை கேட்டு, அங்கே பையன்கள் விருந்துக்கு வரிசையில் நின்றதாகக் கேள்வி.

அந்த வாரம்தான் வம்பு தொடங்கியது. ஒரு காலையில் குச்சியை வைக்கிறேன், ஹில்குரோவில் 27.4, லவ்டேலில் 30.1. லோயிஸ், நீயே சொல். ஹில்குரோவ் மலைக்குக் கீழே, லவ்டேல் மேலே. மேலே போகப் போகக் குளிர வேண்டாமா? ஆண்டவர் படைத்த மலையையே என் கால் தலைகீழாகப் புரட்டினால் அது யார் குற்றம்? கர்னல் என் வலது பாதத்தின்மேல் தலை வைத்துத் தூங்கியதால் வந்த சூடு என்று தீர்மானித்து அவனைச் சமையலறைக்கு நாடு கடத்தினேன். மறுநாள் லவ்டேல் 30.3. அப்படியானால் கரிச்சட்டிதான் குற்றவாளி. குளிருக்குக் காலடியில் வைத்திருந்ததை அறையின் மறுகோடிக்குத் தள்ளினேன். மூன்றாம் நாள் 30.2. எங்கள் பாதிரியார் பிரசங்கத்தின் உஷ்ணமாக இருக்கலாம் என்று நாலாம் நாள் நினைத்தேன். ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை.

இந்த இடத்தில்தான் என் தொழில் ஞானம் கைகொடுத்தது. பேக்டரியில் ஒரு நாள் தூள் கறுத்துப் போகும், மறுநாள் தூள் வெளுத்துப் போகும். தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவானா டீமேக்கர்? இரண்டையும் தரையில் கொட்டிப் புரட்டி ஒன்றாகக் கலந்துவிடுவான். நடுத்தரமாக ஒரே ருசி, ஒரே நிறம். நாற்பது வருஷம் உலகத்துக்கே அப்படித்தான் டீ கொடுத்தேன். அதே மாதிரி இரண்டு காலையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஹில்குரோவ் 28.8, லவ்டேல் 28.8 என்று இரண்டு பக்கமும் எழுதினேன். என்ன அழகு! தராசு முள் மாதிரி இரண்டு காலும் நேராக நின்றன. ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். நீயும் ‘சூப்பர் மாமா’ என்று மூன்று கைதட்டல் அனுப்பினாய். அந்தக் கைதட்டலை ஜெஸிந்தாவிடம் காட்டியதுதான் நான் செய்த மடத்தனம்.

அவள் எஸ்டேட் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து நிறுத்துக் குறித்தவள். தராசைவிட அவள் கண்ணுக்குப் பயந்த ஆட்கள் அதிகம். படத்தைப் பார்த்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“ரெண்டு கூடை ஒரே எடை வந்துச்சுன்னா, அதுல ஒண்ண நிறுக்கவே இல்லீன்னு அர்த்தம்.”

அப்புறம் நடந்தது சாதாரண விசாரணை இல்லை. சமையலறை உயர்நீதிமன்றமாயிற்று. நாய் அரசுத் தரப்புச் சாட்சி. மாரிச்சாமி காலிபிளவரோடு வந்து உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து, இருக்கிற உண்மையெல்லாம் சொல்லிவிட்டார், தினம் இருபது நடை உட்பட. தீர்ப்பு: குற்றவாளியின் வலது கால் மறு உத்தரவு வரும்வரை முக்காலிமேல் காவலில் வைக்கப்படும். கக்கூஸுக்குப் போவதற்கு மட்டும் ஜாமீன். கூர்மூக்கு ஷூ பறிமுதல்.

ஆனால் உன் மாமனைத் தெரியாதா உனக்கு? மூன்றே நாளில், என் மன உறுதியைக் கண்டு லவ்டேல் தானே குளிர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். இன்று காலையில் அதே ஷூவில் குன்னூரிலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு ஒரே ஓட்டமாக ஓடிப் போய், அங்கிருந்து உன் ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, காலை டிபனுக்குத் திரும்பிவிட்டேன். வழியில் மலை ரயிலை இரண்டு தடவை முந்தினேன். டிரைவர் மூன்றாம் தடவை முந்த வேண்டாம், பயணிகளுக்கு மனசு கஷ்டப்படும் என்று கெஞ்சினார். எனவே கல்யாணத்தைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். வாசலிலிருந்து பீடத்துக்கு நடப்பதெல்லாம் என் தகுதிக்குக் குறைவு. கோயமுத்தூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்தே உன்னைக் கைபிடித்து நடத்திக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உன் அம்மாவுக்கு அவள் தம்பியின் அன்பான முத்தங்கள். வாசிப்பவள் கண்ணுக்கும், வாசிக்கக் கேட்பவர் காதுக்கும், கொண்டுவரும் தபால்காரர் காலுக்கும் ஆண்டவர் பூரண சுகம் தருவாராக.

இப்படிக்கு,
உன் அருமை மாமன்,
ம. மோசஸ்,
குன்னூர் மலையின் கால் இலாகா அதிபதி.

பி.கு.: உன் அத்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கடிதத்தை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “பொய் எத்தன வேணாலும் எழுதிக்குங்க, நான் ஒண்ணும் சொல்லலீங்க. கடைசில அந்த ஒண்ண எழுதாம கவர ஒட்டக் கூடாது. இல்லீன்னா நானே போன் போட்டுருவேன்” என்கிறாள். எழுதுகிறேன்.

காட்டெருமை என் அருகில் வரவில்லை. மூவாயிரம் பேர் வரவில்லை, வந்தது மாரிச்சாமி ஒருவர்தான், அவர் காலில் ஒரு குறையும் இல்லை. தலையில் துண்டு போட்டது குளிருக்கு, மணப்பெண்ணாக இல்லை என்று எழுதச் சொல்கிறார். காலிபிளவர் அவர் வீட்டுக்கு வாங்கிப் போனது. தொட்டபெட்டாவை நான் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. பனி.

மேலே எழுதியதில் உண்மை ஒரே ஒரு இடம்தான் லோயிஸ், சுண்டுவிரல் நகம் அகலம். லவ்டேல். அங்கே ஏறிய சூடு நிஜம். இரண்டு காலையும் கலந்து எழுதியதும் நிஜம். தொழில் புத்தியால் இல்லை, பயத்தால். உண்மை எண்ணைப் பார்த்தால் நீ என்னை நடக்க விட மாட்டாய், உன் அப்பா இடத்தில் வேறு யாராவது நடப்பார்கள் என்று பயந்துவிட்டேன். நாலு நாள் உன்னிடம் மறைத்தேன், அந்த நாலு நாளும் அதே ஷூவில் நடந்தேன். ஜெஸிந்தா கைக்கண்ணாடியைக் காலுக்கு அடியில் பிடித்தபோது சுண்டுவிரலுக்குக் கீழே சிவந்திருந்தது. ஷூவுக்குள் கை விட்டுப் பார்த்தாள், கூர்மூக்கின் தையல் அதே இடத்தில் முண்டிக்கொண்டு நின்றது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. கடிக்காத ஷூ என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அவள் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, “இதே எடந்தானுங்க சில்வஸ்டர் அண்ணனுக்கும்” என்றாள். அறுபத்தெட்டு வயசில் முதல் தடவையாக, டாக்டரிடம் போகலாம் என்று நானே சொன்னேன்.

இங்கே டாக்டர் பார்த்துவிட்டார். தோல் உடையவில்லை, சரியான நேரத்தில் பிடித்துவிட்டீர்கள் என்றார். யார் பிடித்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜெஸிந்தா முறைத்தாள். பத்து நாளாகக் கால் முக்காலிமேல்தான் இருக்கிறது. இப்போது நோட்டு அவள் கையில். கலக்காத எண்களின் படம் இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறாள், எடுத்துப் பார். இன்று ஹில்குரோவ் 27.3, லவ்டேல் 27.9. சிவப்பு போய்விட்டது. உன் இரண்டாம் பக்கமும் அகப்பட்டுவிட்டது. புது ஷூவைத் தினம் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் காலைப் பார்க்க வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கிறாய். அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கலாம் நீ.

அக்காள் மகளிடம் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி லோயிஸிடம் கேட்கிறேன். நான் நடக்கலாமா? எந்தச் செருப்பு, எத்தனை அடி, எவ்வளவு மெதுவாக, எல்லாம் நீ சொல்லு. வேண்டாம் என்றால் வீல் சேரில் உட்கார்ந்து வருகிறேன், அதைத் தள்ள மாரிச்சாமி தயார். உன் பதில் வரும்வரை இந்தக் காலை நான் தரையில் வைக்கப் போவதில்லை. இந்த ஒன்றை மட்டும் நம்பு, சாட்சிக்கு உன் அத்தை கீழே கையெழுத்துப் போடுகிறாள்.

ஜெஸிந்தா.
(நெசந்தான் கண்ணு. முக்காலி ரெண்டா வாங்கிட்டேன், ஒண்ணு உன் மாமன் காலுக்கு, ஒண்ணு அவரு வாய்க்கு. நீ சந்தோசமா இரு.)